நானூறு டாலர் ரைஃபிளா, பத்தாயிரம் டாலர் ரைஃபிளா? வேட்டைத் துப்பாக்கி பற்றி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

நான் பென்சில்வேனியாவில் மான் வேட்டைக்குப் போகிறவன். அலுவலகத்தில் கூட வேலை பார்த்த ஓர் அமெரிக்கப் பெரியவர் பழக்கிவிட்டது. இது வெளியே தெரிந்த நாளிலிருந்து நண்பர்கள், நண்பர்களின் நண்பர்கள் என்று யாராவது போன் செய்து ஒரே கேள்வியைக் கேட்கிறார்கள்: "நானூறு டாலர் துப்பாக்கி போதுமா, இல்ல நல்லதா ஒண்ணு வாங்கணுமா?" அந்த 'நல்லதா' என்ற சொல்லில்தான் சிக்கல் எல்லாம் இருக்கிறது. தனித்தனியாகப் பதில் சொல்லி வாய் வலித்துவிட்டதால் இங்கே எழுதி வைக்கிறேன். பேச்சு முழுக்க போல்ட் ரைஃபிளைப் பற்றியது. ஒவ்வொரு தோட்டாவுக்கும் கைப்பிடியைத் தூக்கி, இழுத்து, தள்ளி மூடுகிற வகை. மான் வேட்டைக்கு இங்கே பெரும்பாலோர் கையில் இருப்பது அதுதான்.

மலிவு என்றால் எது, உயர்தரம் என்றால் எது?

சாவேஜ் ஆக்ஸிஸ், ரூகர் அமெரிக்கன், மாஸ்பர்க் பேட்ரியட் மாதிரியானவை மலிவு வரிசை. நான் இதை எழுதும்போது 400 முதல் 600 டாலர் வரை. சிலவற்றை ஸ்கோப்போடு (குறிபார்க்கும் தொலைநோக்கி) சேர்த்தே பெட்டியில் போட்டு விற்கிறார்கள். அடுத்த படி 700 முதல் 1,200 டாலர்: பின்லாந்தின் டிக்கா டி3எக்ஸ், ஜப்பானில் ஹோவா செய்யும் 1500, அதே ஹோவா செய்து வெதர்பி பெயரில் வரும் வான்கார்ட், ஸ்பெயினின் பெர்காரா. அதற்கு மேலே, உங்கள் பெயருக்கு ஆர்டர் எடுத்து ஒரு கைவினைஞர் செய்து தரும் கஸ்டம் ரைஃபிள். ஐயாயிரத்துக்குக் கீழே பேச்சே கிடையாது, பத்தாயிரம் சகஜம். உச்சியில் லண்டன் கடைகள். ரிக்பி 1775இல் டப்ளினில் தொடங்கியது, ஹாலண்ட் அண்ட் ஹாலண்ட் 1835இல். அங்கே விலை கேட்பவர் வாங்கப்போகிறவர் இல்லை.

நானூறு டாலர் துப்பாக்கி நேராகச் சுடுமா?

சுடும். இதை நம்ப எனக்கே இரண்டு சீசன் ஆயிற்று.

100 கெஜத்தில் மூன்று தோட்டா சுட்டு மூன்றும் ஓர் அங்குலத்துக்குள் விழுந்தால் அதை 'ஒரு எம்ஓஏ' (மினிட் ஆஃப் ஆங்கிள்) என்பார்கள். கறாராகச் சொன்னால் 1.047 அங்குலம். கோணக் கணக்கு என்பதால் அதே துப்பாக்கி 200 கெஜத்தில் 2 அங்குலம், 300இல் 3 அங்குலம் போடும். இன்றைய மலிவு ரைஃபிளுக்கு ஒத்துப்போகிற தோட்டாவைக் கண்டுபிடித்துக் கொடுத்துவிட்டால் ஒன்று, ஒன்றரை அங்குலத்துக்குள் போடுவது சாதாரணம். வெள்ளைவால் மானின் இதயமும் நுரையீரலும் இருக்கும் இடம் சுமார் 8 அங்குலம். ஒரு டிபன் தட்டு அளவு. பென்சில்வேனியாக் காட்டில் மரங்களுக்கு நடுவே 100 கெஜத்துக்கு மேல் பார்வையே போகாத இடங்கள் ஏராளம். அங்கே ஒன்றரை அங்குலத் துப்பாக்கிக்கும் அரை அங்குலத் துப்பாக்கிக்கும் மானின் கணக்கில் எந்த வித்தியாசமும் இல்லை.

வித்தியாசம் உங்கள் கையில் இருக்கிறது. மேசைமேல் மணல் மூட்டையில் சாய்த்துச் சுடும்போது என் துப்பாக்கி ஒன்றேகால் அங்குலம் போடுகிறது. அதே துப்பாக்கியை நவம்பர் குளிரில், மேடேறி மூச்சிரைக்க, நின்றபடி பிடித்தால் நானே ஏழெட்டு அங்குலம் ஆடுகிறேன். எங்கள் சுடும் களத்தில் ஒருவர் நாலாயிரம் டாலர் ரைஃபிளோடு வந்து ஒரு மணி நேரம் சுட்டுவிட்டு, குழல் சரியில்லை என்று தொழிற்சாலையைத் திட்டிக்கொண்டிருந்தார். விசையை அழுத்துமுன்பே அவர் கண்ணை மூடிக்கொள்வதை நாங்கள் எல்லோரும் பார்த்துக்கொண்டிருந்தோம். ஆடத் தெரியாதவள் கூடம் கோணல் என்றாளாம்.

மலிவுத் துப்பாக்கி நன்றாகச் சுடுவது இன்றைக்கு வந்த அதிசயமும் இல்லை. ரெமிங்டன் கம்பெனி 1967இல் 788 என்று ஒன்றைக் குறைந்த விலையில் விட்டது. பார்க்க விறகுக்கட்டைக்குக் குழல் செருகினது மாதிரி இருக்கும். சுடும்போது போல்டைப் பிடித்து நிறுத்தும் பூட்டுப் பற்கள் பின்பக்கம் ஒன்பது. அதே கம்பெனியின் விலை கூடிய 700ஐ விட இது நேராகச் சுடுகிறது என்று பலர் சொல்ல ஆரம்பித்தார்கள். 1983இல் 788 நின்றுபோனது. இன்றும் பழைய துப்பாக்கிச் சந்தையில் அதைத் தேடி அலைகிறவர்கள் இருக்கிறார்கள்.

எப்படி இவ்வளவு மலிவாகச் செய்ய முடிகிறது? எதையோ மறைக்கிறார்களா?

மறைக்கவில்லை. கைவேலையை எடுத்துவிட்டார்கள், அவ்வளவுதான்.

பழைய மவுசர் 98, வின்செஸ்டர் 70 போன்றவற்றின் உடல், அதாவது போல்ட் ஓடும் ரிசீவர், சுத்தியலால் அடித்து வடித்த இரும்புத் துண்டிலிருந்து படிப்படியாகக் கடைந்து எடுக்கப்பட்டது. அதன்பின் குழலைத் திருகி, தோட்டா சேம்பருக்குள் (குழலின் பின்முனையில் உள்ள அறை) உட்காரும் இடைவெளி ஆயிரத்தில் சில பங்கு அங்குலம்கூடப் பிசகாமல் ஓர் அனுபவசாலி பொருத்த வேண்டும். அவர் சம்பளம்தான் துப்பாக்கியின் விலை.

1958இல் வந்த சாவேஜ் 110 இந்தக் கணக்கை மாற்றியது. வடிவமைத்தவர் நிக்கோலஸ் பிரூவர். குழலையும் ரிசீவரையும் ஒரு பெரிய நட்டு போட்டு இறுக்கினார். அளவு கம்பியைச் சேம்பரில் வைத்து, குழலைத் திருகி, தொட்டதும் நிறுத்தி, நட்டை முடுக்கினால் வேலை முடிந்தது. போல்டின் தலையும் தனித் துண்டு. கொஞ்சம் ஆடும். ஆடுவதாலேயே இரண்டு பூட்டுப் பற்களும் தாமாகவே சமமாக உட்கார்ந்துகொள்ளும். கைவினைஞர் அரம் பிடித்துச் சாதிப்பதை அந்த ஆட்டம் சும்மா செய்து கொடுக்கிறது. மலிவுக்காகச் செய்த ஏற்பாடு துல்லியத்தையும் சேர்த்துக் கொண்டுவந்தது. இந்தத் தொழிலில் எனக்கு மிகவும் பிடித்த கதை இதுதான்.

ரெமிங்டன் 700 வேறு வழியில் போனது. ரிசீவர் வெறும் உருளை, லேத்தில் கடைந்தால் போதும். உதையைத் தாங்கும் முட்டுத் துண்டு ஒரு தடித்த வாஷர் மாதிரி குழலுக்கும் ரிசீவருக்கும் நடுவே செருகப்பட்டது. 1962இல் வந்தது, இன்றைய கஸ்டம் ரிசீவர்களில் பாதிக்கு மேல் அதன் வழிவந்தவை என்று கண்ணை மூடிக்கொண்டு சொல்லலாம். ரூகர் அமெரிக்கனில் குழலைக் குளிர்நிலையில் சம்மட்டி இயந்திரம் அடித்தே உருவாக்குகிறது. உள்ளே ஒரு கடினக் கம்பி இருக்க, வெளியே அடிக்க அடிக்க, தோட்டாவைச் சுழலவைக்கும் புரிகள் உள்ளே பதிந்துவிடும். தோளில் சாய்த்துப் பிடிக்கும் கட்டை அச்சில் ஊற்றிய பிளாஸ்டிக். ரிசீவர் உட்காரும் இடத்தில் ஆங்கில 'வி' வடிவ இரும்புக் கட்டிகளைக் கட்டைக்குள்ளேயே பதித்துவிடுகிறார்கள். கைவினைஞர் பிசின் ஊற்றி நாள்கணக்கில் செய்யும் பொருத்தம், இங்கே அச்சிலிருந்தே வெளியே வருகிறது.

சிக்கனம் சொதப்பிய வரலாறும் உண்டு. வின்செஸ்டர் 70 வந்தது 1936இல். 1964இல் செலவைக் குறைக்கிறேன் என்று தோட்டாவைக் கவ்வி இழுக்கும் அதன் பெரிய கொக்கியை எடுத்தார்கள், கையால் வெட்டிய கட்டைக் கோலத்துக்குப் பதில் அச்சில் அழுத்திய கோலம் போட்டார்கள். வேட்டைக்காரர்கள் கொதித்துவிட்டார்கள். '64க்கு முந்தியது' என்பது அன்றிலிருந்து பழைய துப்பாக்கிக் கடைகளில் ஒரு விலைச்சொல். இதில் வேடிக்கை, 64க்குப் பிந்தியவையும் நன்றாகத்தான் சுட்டன.

அப்படியானால் கஸ்டம் ரைஃபிளில் பணம் எங்கே போகிறது?

ரெடிமேட் சட்டை போட்டுப் பழகியவருக்கு நல்ல தையற்காரர் தைத்த சட்டையை முதன்முதலாகப் போடும்போது ஒன்று தெரியும்: தோள் இழுக்கவில்லை. கஸ்டம் ரைஃபிளின் முதல் பாடமும் அதுதான். விசையிலிருந்து கட்டையின் அடி வரை உள்ள நீளம், கட்டை கன்னத்தில் படும் உயரம், தோளுக்கேற்ற பக்கச் சாய்வு எல்லாம் உங்கள் உடம்புக்கு. தொழிற்சாலைத் துப்பாக்கியில் அந்த நீளம் சுமார் பதின்மூன்றரை அங்குலம், ஆறடி அமெரிக்கனுக்கு ஏற்றது. ஐந்தடி ஐந்தங்குலத்தில் இருக்கும் நம்மில் பலருக்கு, கனத்த குளிர்ச்சட்டை மேல் அதைத் தூக்கினால் அடிக்கட்டை கக்கத்தில் மாட்டும். (இதற்கு மலிவு வைத்தியமும் உண்டு. 'யூத்' மாடல் வாங்குங்கள். சிறுவர்களுக்கானது என்று வெட்கப்பட வேண்டாம். நானும் அதைத்தான் வாங்கினேன்.)

அடுத்தது இயந்திர வேலை. ரிசீவரின் முகம், குழல் ஏறும் திருகுப்புரி, போல்டின் பற்கள் எல்லாம் ஒரே அச்சில் இருக்கும்படி மறுபடி கடைவார்கள். குழல் கிரீகர், பார்ட்லின், லில்யா மாதிரி குழல் மட்டுமே செய்யும் பட்டறையிலிருந்து வரும். கிரீகர் பட்டறையில் ஒரு சிறு கத்தி ஒவ்வொரு புரியையும் மெல்லிய சீவலாகச் சீவிச் சீவி எடுக்கும். பிறகு ஈயத் தக்கையில் மெருகுப் பசை தடவிக் கையால் உள்ளே இழுத்துத் தேய்ப்பார்கள். இப்படிச் செய்த குழல் சூடானாலும் குறி நகராது, செம்புப் படிவு குறைவாக ஒட்டும், எந்தத் தோட்டாவைப் போட்டாலும் முகம் சுளிக்காது. மலிவுக் குழலில் இந்த மூன்றாவது குணம்தான் முதலில் இல்லாமல் போகும்.

பிறகு மரம். துருக்கிப் பக்கத்து வால்நட் மரத்தின் வேர்க்கழுத்தை ஒட்டிய பகுதியில் கரும்புகை ஓடியது மாதிரி ரேகை இருக்கும். நல்ல ஒரு கட்டைக்கு மட்டுமே ஆயிரம் டாலர் தாண்டும். அதை வருடக்கணக்கில் உலரவைத்து, இரும்பில் கரி பூசி வைத்துப் பார்த்து, கரி பட்ட இடத்தை மட்டும் சீவி, மறுபடி வைத்துப் பார்த்து, மரத்துக்கும் இரும்புக்கும் நடுவே காகிதம் நுழையாத அளவுக்குப் பொருத்துவார்கள். பிடியில் அங்குலத்துக்கு 24 கோடு கையால் வெட்டுவார்கள். குழலுக்கு வேண்டுமென்றே துருப்பிடிக்க வைத்து, கொதிநீரில் போட்டு, துருவைத் துலக்கி, மறுபடி துருப்பிடிக்க வைத்து என்று பல சுற்று போனால் ஆழமான கருநீலம் வரும். உலோகத்தில் பூவேலை, மிருக உருவம் வேண்டுமென்றால் அதற்குத் தனி ஆள், தனிக் கூலி.

எழுத்தாளர் ஜாக் ஓ'கானர் .270 வின்செஸ்டர் தோட்டாவை அமெரிக்கா முழுக்கப் பிரபலமாக்கியவர். அவருடைய வின்செஸ்டர் 70களுக்குக் கட்டை கடைந்தவர் ஸ்போகேன் நகரத்து ஆல் பீசன். அந்த மெலிந்த, அலங்காரம் அடக்கிய வடிவம்தான் இன்றும் அமெரிக்கக் கஸ்டம் ரைஃபிளின் இலக்கணம்.

மரமே வேண்டாம், எடை குறைந்தால் போதும் என்பவர்களுக்கு வேறொரு மரபு இருக்கிறது. மேற்கு வர்ஜீனியாவில் மெல்வின் ஃபோர்ப்ஸ் 1980களில் கெவ்லரும் கிராஃபைட்டும் கலந்த கட்டையில் ஐந்து பவுண்டு எடைக்கு ரைஃபிள் செய்து காட்டினார். மலையேறி ஆட்டைத் தேடுகிறவருக்கு அந்த எடைக் குறைவு பணம் பெறும். காரிலிருந்து இறங்கி அரை மைல் நடக்கிற என்னைப் போன்றவருக்கு அது உதையை மட்டும்தான் கூட்டும்.

இரட்டைக்குழல் ரைஃபிள் வீட்டு விலை சொல்கிறார்களே?

ஹாலண்ட் அண்ட் ஹாலண்டின் ராயல் இரட்டைக்குழல் ஒரு லட்சம் பவுண்டைத் தாண்டும். காரணம் பூவேலை மட்டும் இல்லை. இரண்டு குழலையும் நேர் இணையாக வைத்தால் இரண்டு தோட்டாவும் ஒரே இடத்தில் விழாது. உதை ஒவ்வொரு குழலையும் அதனதன் பக்கம் தள்ளும். அதனால் குழல்களை முன்னால் சற்றே நெருங்கும்படி ஈயப்பற்று வைத்து ஒட்டி, நடுவே ஓர் ஆப்பு செருகி, சுட்டுப் பார்ப்பார்கள். விலகினால் பற்றைச் சூடாக்கி ஆப்பை மயிரிழை நகர்த்தி, ஆறவிட்டு, மறுபடி சுடுவார்கள். குறிப்பிட்ட ஒரே வகைத் தோட்டாவுக்கு, குறிப்பிட்ட தூரத்துக்கு இரண்டும் சேரும்வரை இது நடக்கும். இயந்திரத்திடம் ஒப்படைக்க முடியாத வேலை. அடுத்த தலைமுறை கற்றுக்கொள்ளாவிட்டால் அதோடு போயிற்று.

மலிவுத் துப்பாக்கியில் குறையே இல்லையா?

ஏன் இல்லை. பிளாஸ்டிக் கட்டையின் முன்பக்கம் வளையும். தோள்வாரை இறுக்கிப் பிடித்தாலோ, கட்டைமுனையை மரக்கிளையில் அழுத்திச் சாய்த்தாலோ அது குழலைத் தொட்டுவிட, குறி ஓர் ஓரம் போகும். போல்ட் மணல் விழுந்தது மாதிரி கரகரவென்று ஓடும். தோட்டாக்களை அடுக்கும் மேகசின் பிளாஸ்டிக், கையுறை போட்ட விரலில் அதன் தாழ்ப்பாள் அகப்படாது. வெளிப்பூச்சு மட்டம் என்பதால் மழையில் நனைந்த இரவே எண்ணெய் போட்டுத் துடைக்காவிட்டால் காலையில் செம்பொட்டு. என் துப்பாக்கிக்கு இரண்டாம் வருடம் மேகசினின் உதடு வளைந்து தோட்டா ஏறவில்லை. நல்லவேளை, சுடும் களத்தில்தான் நடந்தது.

விசை முன்பெல்லாம் பெரிய குறையாக இருந்தது. வழக்குக்குப் பயந்து ஆறேழு பவுண்டு அழுத்தினால்தான் விழும்படி வைத்தார்கள். 2000களின் தொடக்கத்தில் சாவேஜ் கொண்டுவந்த அக்யூட்ரிகர், வாங்கியவரே பாதுகாப்பாகக் குறைத்துக்கொள்ளும்படி இருந்தது. அதைப் பார்த்து மற்றவர்களும் மாறினார்கள்.

விலை கூடினால் கோளாறு வராது என்றும் நினைக்க வேண்டாம். ரெமிங்டன் 700இன் எக்ஸ்மார்க் ப்ரோ விசையை, தானாகச் சுட்டுவிடும் ஆபத்து இருப்பதாக 2014இல் கம்பெனியே திரும்ப அழைத்தது. எந்த விலைத் துப்பாக்கியானாலும் குழல்முனை ஆளைப் பார்க்கக் கூடாது.

யானை, எருமை, கரடி என்றால்?

இங்கே என் பேச்சு மாறும். அடிபட்ட காட்டெருமை பதினைந்து கெஜத்தில் திரும்பி வரும்போது இரண்டாவது தோட்டா சேம்பருக்குள் போயே ஆக வேண்டும். மவுசர் 98இல் ஒரு நீண்ட கொக்கி உண்டு. மேகசினிலிருந்து தோட்டா எழும்பும்போதே அதன் விளிம்பைப் பிடித்துக்கொண்டு, சேம்பரில் வைத்து, சுட்டபின் வெளியே இழுத்து எறியும்வரை விடாது. பதற்றத்தில் போல்டைப் பாதி தள்ளிப் பாதி இழுத்தாலும் இரண்டு தோட்டா முட்டிக்கொண்டு நிற்காது. மலிவு ரைஃபிள்கள் தோட்டாவை முன்னால் தள்ளிவிடுவதோடு சரி, போல்ட் மூடும்போதுதான் பிடிக்கும். மானுக்கு இது ஒரு பொருட்டே இல்லை. ஆப்பிரிக்காவில் .375 ஹாலண்ட் (1912), .416 ரிக்பி (1911) தோட்டாக்களுக்கு மவுசர் வகையையே தொழில்முறை வேட்டைக்காரர்கள் கேட்பது இதனால்தான்.

அதற்காக விலைதான் யானையை வீழ்த்துகிறது என்றும் ஆகாது. கரமோஜோ பெல் என்று பெயரெடுத்த வேட்டைக்காரர் ஆயிரத்துக்கும் மேற்பட்ட யானைகளைக் கொன்றவர். அவற்றில் பெரும்பாலானவை சிறிய 7×57 மவுசர் தோட்டாவில். சக வேட்டைக்காரர்கள் இரட்டைக்குழல் தூக்கிச் சுமந்த காலம் அது. அவர் யானையின் மண்டையோட்டை அறுத்துப் பார்த்து மூளை எங்கே என்று படித்துவைத்திருந்தார். இன்றைக்குப் படித்தால் வயிற்றைப் பிசைகிற எண்ணிக்கைதான்.

ஜிம் கார்பெட், கென்னத் ஆண்டர்சன் எதை வைத்திருந்தார்கள்?

ஆட்கொல்லிப் புலிக் கதைகள் எழுதிய இந்த இருவரைப் பற்றித் தமிழ் வாசகர்கள் தவறாமல் கேட்பது. 1907இல் சம்பாவத் ஆட்கொல்லிப் புலியைக் கொன்றதற்காகக் கார்பெட்டுக்குப் பரிசாகக் கிடைத்தது ரிக்பியின் .275. உயர்தரக் கடையின் பெயர், உள்ளே மவுசர். மேலே சொன்ன பெல்லின் 7×57க்கு ஆங்கிலேயர் வைத்த பெயர்தான் .275 ரிக்பி. நம் ஊர்ப் பக்கம் ஜவளகிரி, ஏலகிரி என்று அலைந்த ஆண்டர்சன் வைத்திருந்தது .405 வின்செஸ்டர் 1895. அமெரிக்கத் தொழிற்சாலையில் செய்து கடையில் விற்ற சரக்கு. அதே மாடலைத்தான் தியடோர் ரூஸ்வெல்ட் 1909இல் ஆப்பிரிக்காவுக்கு எடுத்துப் போனார். அவருடைய மூட்டையில் ஹாலண்ட் இரட்டைக்குழலும் இருந்தது, ஆனால் அது இங்கிலாந்து நண்பர்கள் கொடுத்த அன்பளிப்பு. லண்டன் கடைகளின் உண்மையான வாடிக்கையாளர்களாக இருந்தவர்கள் நம் மகாராஜாக்கள்.

ஒரே ஒரு துப்பாக்கி, எந்த விலையில் வாங்குவது?

கையில் 1,500 டாலர் இருந்தால் டிக்கா வாங்கி மிச்சத்தை ஸ்கோப்பில் போடுங்கள். பின்லாந்தில் ரீஹிமாகி ஊரில் சாக்கோ தொழிற்சாலையில்தான் டிக்காவும் செய்யப்படுகிறது. எல்லாத் தோட்டாவுக்கும் ஒரே நீள ரிசீவர் என்பது போன்ற சிக்கனங்கள் உண்டு. ஆனால் போல்டைத் திறந்து துப்பாக்கியைச் சாய்த்தால் தானே வழுக்கிக்கொண்டு போகும் அந்த வழவழப்பு அதைவிட மூன்று மடங்கு விலைக்கு விற்பவற்றிலும் எப்போதும் கிடைப்பதில்லை. இதற்கு மேலே செலவழிக்கும் ஒவ்வொரு டாலரும் மானுக்கு இல்லை, உங்களுக்கு. அது தப்பு என்று சொல்லவில்லை.

கையில் 800தான் என்றால் மலிவு ரைஃபிள், முந்நூறு டாலரில் ஸ்கோப், இரண்டு மூன்று பெட்டி தோட்டா. தோட்டா வகை .308 அல்லது 6.5 கிரீட்மோர். இரண்டும் எந்தக் கடையிலும் கிடைக்கும்.

ஸ்கோப்புக்கு அவ்வளவா?

ஆனையை வாங்கிவிட்டு அங்குசத்துக்குக் கணக்குப் பார்க்கக் கூடாது. மான் வெளியே வருவது விடியலிலும் அந்தியிலும். மட்டமான கண்ணாடியில் அந்த வெளிச்சத்தில் மானும் புதரும் ஒன்றாகத் தெரியும். ஸ்கோப்பைத் துப்பாக்கியில் பிடித்து நிறுத்தும் மவுண்ட் வளையத்தையும் மறந்துவிடாதீர்கள். என் முதல் சீசனில் அறுபது கெஜத்தில் அசையாமல் நின்ற மானைத் தவறவிட்டேன். துப்பாக்கியைப் பழித்துக்கொண்டே வீட்டுக்கு வந்து பார்த்தால் மவுண்ட் திருகுகள் இரண்டு விரலாலேயே சுழன்றன. முடுக்கியது நான்தான்.

மலிவை வாங்கி மெல்ல மெல்ல மேம்படுத்தலாமா?

விசையின் ஸ்பிரிங் மாற்றலாம், நல்ல கட்டை வாங்கிப் போடலாம். அதோடு நிறுத்துங்கள். 450 டாலர் துப்பாக்கியில் 700 டாலர் சாமான் ஏற்றியவர் விற்கும்போது கைக்கு வருவது முந்நூறு. சாவேஜில் அந்தக் குழல் நட்டு இருப்பதால், தகுந்த கருவியும் அளவு கம்பியும் இருந்தால் குழல் மாற்றுவது எளிது. பொழுதுபோக்காகவே செய்கிறார்கள்.

பழையது வாங்கலாமா?

எனக்கு மிகவும் பிடித்த வழி. துப்பாக்கி எளிதில் தேயாத பொருள். பெரும்பாலான வேட்டைக்காரர்கள் வருடத்துக்கு ஒரு பெட்டிகூடச் சுடுவதில்லை. முப்பது வருடத் துப்பாக்கியின் வெளியே கீறல் இருக்கும், குழல் புதுசாக இருக்கும். வாங்குமுன் குழல்முனையில் அடிபட்ட தழும்பு உண்டா, கட்டையின் கழுத்தில் விரிசல் உண்டா, உள்ளே துருக்குழி உண்டா என்று டார்ச் அடித்துப் பாருங்கள். இரண்டாம் உலகப் போருக்குப்பின் வந்த ராணுவ மவுசர்களை யாராவது வீட்டில் அறுத்து வேட்டைத் துப்பாக்கியாக்கியிருந்தால், செய்தவர் யார் என்று தெரியாமல் தொடாதீர்கள்.

எச்1பி விசாவில் இருக்கிறேன். வாங்க முடியுமா?

விலையை விட இதுதான் முக்கியமான கேள்வி, பலர் கேட்காமலேயே களத்துக்குப் போய்விடுகிறார்கள். குடியேற்றம் அல்லாத விசாவில் இருப்பவர் துப்பாக்கியோ தோட்டாவோ வைத்திருப்பதை அமெரிக்க மத்தியச் சட்டம் பொதுவாகத் தடுக்கிறது. நண்பருடைய துப்பாக்கியைக் களத்தில் வாங்கிச் சுட்டுப் பார்ப்பதும் இதற்குள் வரலாம். விதிவிலக்குகளில் ஒன்று, ஏதாவது ஒரு மாநிலம் முறையாகக் கொடுத்த, காலாவதியாகாத வேட்டை உரிமம் கையில் இருப்பது. கடையில் 4473 என்ற படிவத்தில் இந்தக் கேள்வி வரும், பிறகு பின்னணிச் சோதனை. கிரீன் கார்டு வந்தவர்களுக்கு இந்தத் தடை இல்லை. மாநிலச் சட்டங்கள் தனி. விசா உங்கள் பிழைப்பு என்பதால் வழக்கறிஞர் ஒருவரைக் கேட்டுவிட்டு மேலே போங்கள்.

உரிமத்துக்கு முதலில் வேட்டைப் பாதுகாப்பு வகுப்பு முடிக்க வேண்டும். பென்சில்வேனியாவில் ரைஃபிள் மான் சீசனில் தலை, மார்பு, முதுகு சேர்த்து 250 சதுர அங்குலம் பளிச்சென்ற ஆரஞ்சு உடுத்த வேண்டும். இன்னொன்று: 1937இல் வந்த சட்டப்படி நீளத் துப்பாக்கிக்கும் தோட்டாவுக்கும் செய்பவரிடம் வரி (இப்போது 11 சதவீதம்) வாங்கி, அதை மாநிலங்களின் வனவிலங்குப் பராமரிப்புக்குக் கொடுக்கிறார்கள். உங்கள் நானூறிலும் அது அடக்கம்.

ஊருக்குக் கொண்டுபோகலாமா?

எதற்கு? 1972 வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின்படி இந்தியாவில் இன்று பொழுதுபோக்கு வேட்டை என்று ஒன்று இல்லை. உரிமத்தோடு அங்கே ரைஃபிள் வைத்திருப்பவர்களில் பலர் கையில் இருப்பது அரசுத் தொழிற்சாலை செய்யும் .315. அந்த உரிமம் 1959 ஆயுதச் சட்டத்தின் கீழ் வருவது, அதன் கதை வேறு.

கடைசியாக, நீங்கள் எதை வைத்திருக்கிறீர்கள்?

இரண்டு. ஒன்று மேலே சொன்ன யூத் மாடல் .308, கறுப்பு பிளாஸ்டிக். இன்னொன்று 1950களின் வின்செஸ்டர் 70, .270, வால்நட் கட்டை. வேட்டை பழக்கிய பெரியவருக்கு முழங்கால் போனபின், கடைக்குக் கொடுக்க மனமில்லாமல் என்னிடம் நியாயமான விலைக்குக் கொடுத்தது. அடித்த மானுக்கு ஒரு கோடு என்று அடிக்கட்டைக்குக் கீழே கத்தியால் கீறி வைத்திருக்கிறார். பதினேழு கோடு. வருடா வருடம் சீசனுக்கு முதல் நாள் அதைத் துடைத்து எடுத்து வைப்பேன். விடியற்காலை கதவைத் திறந்தால் மழையோ ஈரப்பனியோ பெய்யும். மரம் ஊறிவிடுமே என்று அதைத் திரும்பப் பெட்டியில் வைத்துவிட்டுப் பிளாஸ்டிக்கைத் தூக்கிக்கொண்டு போவேன். இதுவரை எங்கள் வீட்டு ஃப்ரீசருக்கு வந்த கறி முழுவதும் அதில் அடித்தது. பதினெட்டாவது கோடு இன்னும் கீறவில்லை.